வெள்ளித் தண்ணீர்ப் போத்தல்: குடிக்கலாமா, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது?

சாம்பல்தீவுச் செல்வி

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் பெரியம்மா, ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கென்று ஒரு போத்தல் கொடுத்துவிட்டிருக்கிறார். கடும் நீலக் கண்ணாடிப் போத்தல். லேபிளில் கூழ்ம வெள்ளி, 20 பிபிஎம், தூய நீர், அவ்வளவுதான். காலையும் மாலையும் ஒரு மேசைக்கரண்டி குடித்தால் சளி, மூட்டு வலி, சீனி வருத்தம் எல்லாம் அடங்கும் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். அம்மாவும் குடிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை நெடுநாளாக எடுக்கிறார், சீனிக்கும் மருந்து இருக்கிறது.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இது உடம்புக்குப் பாதுகாப்பானதா? மற்றது, வெள்ளி தண்ணீரைவிடப் பத்து மடங்கு பாரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படியென்றால் இது ஏன் போத்தலின் அடியில் படியாமல் வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கிறது? இணையத்தில் தேடினால் விற்கிறவர்கள் எழுதியதுதான் முதலில் வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா மருந்தாளர்

தங்கச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அதைக் குடிப்பதை இன்றைக்கே நிறுத்தட்டும்.

காரணம் தைரொக்சின். வெள்ளி சில மருந்துகள் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். தைரொக்சின் அதில் ஒன்று. டெட்ராசைக்கிளின் வகை, சிப்ரொபுளொக்சசின் போன்ற குயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தைரொக்சினை வெறுவயிற்றில் காலையில்தான் எடுப்பார்கள். அதே நேரத்தில் வெள்ளித் தண்ணீரும் போனால், குளிசை விழுங்கியும் அதன் முழுப் பயன் கிடைக்காமல் போகலாம். அம்மாவுக்கு அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை மாதிரி ஏதாவது கூடியிருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கோ. இரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். சீனி மருந்தை ஒரு நாளும் விட வேண்டாம் என்று அம்மாவுக்கு வடிவாகச் சொல்லுங்கோ. இந்த மாதிரித் தண்ணீர்களில் எனக்கு உள்ள பெரிய பயமே, மனுசர் அதை நம்பிச் சரியான மருந்தை விட்டுவிடுவதுதான்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999 ஆகஸ்டில் இதைப் பற்றி இறுதி விதி ஒன்றை வெளியிட்டது. மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கப்படும் மருந்துகளில் கூழ்ம வெள்ளியோ வெள்ளி உப்போ இருந்தால், அது எந்த நோய்க்கும் பாதுகாப்பானது என்றோ பயன் தருவது என்றோ ஏற்கப்படாது என்பதுதான் விதி. 2020 மார்ச்சில், கொரோனாவைத் தடுக்கும் என்று பொய் சொல்லிப் பொருள் விற்ற ஏழு விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதிலும் கூழ்ம வெள்ளி இருந்தது. ஆனாலும் அங்கே அது "உணவுத் துணைப்பொருள்" என்ற பெயரில் இன்னும் கடைக்கு வருகிறது. வெளிநாட்டுக் கடையில் வாங்கிய சாமான் என்பதற்காக அதை யாரோ சோதித்து அனுமதித்திருப்பார்கள் என்று நினைக்கக்கூடாது.

இரசாயன டீச்சர், உப்புவெளி

செல்வி, உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதுகாப்பு என்ற விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது.

வெள்ளியின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 10.49 கிராம். ஒரு கொலுசுத் துண்டைக் கிணற்றில் போட்டால் நேரே அடிக்குப் போகும். ஆனால் கூழ்மம் என்பது மிக நுண்ணிய துணிக்கைகள் பரவி நிற்கிற திரவம். அதில் உள்ள துணிக்கை 1 முதல் 100 நனோமீற்றர் அளவானது. 10 நனோமீற்றர் என்பது, ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் பங்காக்கினால் வருகிற ஒரு பங்கு. அந்தளவு துணிக்கைக்குள் சுமார் 30,000 வெள்ளி அணுக்கள்தான் இருக்கும். அது எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கும் என்று கணக்குப் பார்த்தால் ஒரு நாளுக்கு 0.05 மில்லிமீற்றர்கூட வராது. அதற்குள் நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் மோதி அதை மேலும் கீழும் அலைக்கழித்துவிடும். பிரௌனியன் இயக்கம் என்று உயர்தர வகுப்பில் படிப்பது இதுதான். துணிக்கை 100 நனோமீற்றர் ஆனால் இறங்கும் வேகம் நூறு மடங்காகிவிடும், ஏனென்றால் வேகம் ஆரையின் வர்க்கத்தோடு கூடுகிறது.

அடுத்தது, துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். அவற்றின் மேற்பரப்பில் ஒரே வகை மின்னேற்றம், வழமையாக மறை (நெகற்றிவ்) ஏற்றம், இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். சிற்றேற்று (சிற்றிக் அமிலத்தின்) அயன்களைச் சேர்த்துச் செய்யும் கூழ்மத்தில் அந்த அயன்களே மேற்பரப்பில் ஒட்டி இந்த ஏற்றத்தைக் கொடுக்கின்றன. உப்புப் போட்டால் இந்தத் தள்ளுவிசை மறைக்கப்பட்டுவிடும். துணிக்கைகள் கூடிக் கட்டியாகும், நிறம் மாறும், கடைசியில் அடியில் படியும்.

இப்போது நிறம். இதைக் கவனமாகப் படியுங்கள். உண்மையான நனோ வெள்ளித் துணிக்கைகள் உள்ள நீர் நிறமற்றதாக இருக்காது. 10, 20 நனோமீற்றர் கோளத் துணிக்கைகளின் மேற்பரப்பு இலத்திரன்கள் சுமார் 400 நனோமீற்றர் ஒளியோடு சேர்ந்து அதிரும். அது ஊதா ஒளி. ஊதா விழுங்கப்படுவதால் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரியும். செறிவு கூடினால் தேயிலைச் சாய நிறம்கூட வரும். துணிக்கை பெருத்தாலோ ஒட்டிக்கொண்டாலோ விழுங்கும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து, தண்ணீர் பச்சையாகவோ சாம்பலாகவோ தெரியும். வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அதில் துணிக்கை குறைவு, கரைந்த வெள்ளி அயன்தான் கூட என்று எனக்குச் சந்தேகம். அயன் என்பது ஒரு இலத்திரனை இழந்த தனி வெள்ளி அணு. அதற்கு நிறமில்லை, அது படியவும் படியாது. 20 பிபிஎம் என்ற எண் லீற்றருக்கு 20 மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த 20 மில்லிகிராம் துணிக்கையா அயனா, துணிக்கை என்றால் என்ன அளவு, எதுவும் அந்த எண்ணில் இல்லை. லேபிளில் இது ஒன்றைத்தான் போடுகிறார்கள் என்பது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

போத்தலை ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர முடிந்தால் சின்னச் சோதனை செய்து பார்க்கலாம்.

இயற்கைவழி

மன்னிக்க வேண்டும், நான் மற்றப் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். நான் இந்தத் தண்ணீரை நெடுங்காலமாகத் தொண்டை நோவுக்குக் கொப்பளிக்கப் பாவிக்கிறேன். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவதே வெள்ளிக் கிண்ணத்தில்தானே. இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டுகிறோம். ஆஸ்பத்திரியில் நெருப்புக் காயத்துக்குப் பூசுகிற வெள்ளைக் கிறீமிலும் வெள்ளி இருக்கிறது. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்று டொக்டர்மாரே ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு கரண்டி குடித்தால் ஆபத்து என்று பயமுறுத்துவது சரியா?

பத்தர் வீட்டுப் பிள்ளை

வெள்ளி வேலை எங்கள் குடும்பத் தொழில், அதனால் கிண்ணம் பற்றிச் சொல்லலாம். கிண்ணம், அரைஞாண், கொலுசு எல்லாம் கெட்டி வெள்ளி. பத்து வருடம் பாவித்த கிண்ணத்தைத் தராசில் வைத்தாலும் நிறை குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. சோற்றோடு பிள்ளை விழுங்குவது மிக மிகச் சொற்பம்.

நான் எழுத வந்தது வேறொன்று. ஒன்பது வோல்ற்றுப் பற்றரி மூன்றைத் தொடுத்து, இரண்டு வெள்ளிக் கம்பியைத் தண்ணீரில் தொங்கவிட்டு வீட்டிலேயே இதைச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கம்பி கேட்டு எங்கள் பட்டறைக்கும் வந்திருக்கிறார்கள். ஒருவர் பழைய சங்கிலியைக் காட்டி இதுவே போதும்தானே என்று கேட்டார். அது 925 வெள்ளி. ஆயிரத்தில் 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. அதில் மின் ஏற்றினால் செம்பும் சேர்ந்துதான் தண்ணீருக்குள் இறங்கும். பொடி வைத்து ஒட்டிய இடம் என்றால் அந்தப் பற்றாசில், அதாவது ஒட்டப் பாவிக்கிற உலோகக் கலவையில், என்னென்ன கலந்திருக்கும் என்று செய்த பத்தருக்குத்தான் தெரியும். பழைய பற்றாசுகளில் கட்மியம் கலந்த வகையும் உண்டு, அது நல்ல நஞ்சு. தயவுசெய்து நகையை வைத்து இந்த வேலை செய்ய வேண்டாம்.

இரசாயன டீச்சர், உப்புவெளி

பத்தர் வீட்டுத் தம்பி சொன்னது மிகச் சரி. கெட்டி வெள்ளிக்கும் நனோ வெள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணில் காட்டுகிறேன். ஒரு கிராம் வெள்ளியைச் சதுரமுகிக் கட்டியாக வைத்தால் அதன் மேற்பரப்பு ஒன்றேகால் சதுர சென்ரிமீற்றர். அதே ஒரு கிராமை 10 நனோமீற்றர் கோளங்களாக்கினால் மேற்பரப்பு சுமார் 57 சதுர மீற்றர். நாலரை இலட்சம் மடங்குக்கும் மேல். வெள்ளி வேலை செய்வது மேற்பரப்பில்தான். நீரில் கரைந்த ஒட்சிசன் வெள்ளியைத் தாக்கி மெல்ல மெல்ல அயனாக்கும். அமிலம் இருந்தால் இன்னும் வேகமாக. அந்த அயன்தான் பற்றீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளோடு பிணைந்து அவற்றை முடக்குகிறது. துணிக்கை சிறுக்கச் சிறுக்க அயன் வெளிவருவதும் கூடும்.

இயற்கைவழி, உங்கள் வாதத்தில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளி கிருமியைக் கொல்லும், அது மெய். ஆனால் கண்ணாடிக் குவளையில் உள்ள தண்ணீரில் கொல்வது வேறு, குடித்த பிறகு உடம்புக்குள் கொல்வது வேறு. வயிற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. வெள்ளி அயன் குளோரைட்டு அயனைக் கண்டால் விடாது. இரண்டும் சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டு என்ற கரையாத வெள்ளைப் பொருளாகும். லீற்றர் நீரில் அது இரண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். மிச்சம் மீதி உள்ள அயனை உணவிலும் சளியிலும் உள்ள புரதங்கள் பிடித்துக்கொள்ளும். நுரையீரலில் இருக்கும் கிருமியைத் தேடிப் போகிற வெள்ளி என்று ஒன்று இல்லை.

நீராய்வு, திருமலை

குளோரைட்டு என்றதும் எனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தண்ணீர்ச் சோதனை என் தொழில். கிணற்று நீரின் உவர்த்தன்மையை நாங்கள் அளப்பதே வெள்ளியை வைத்துத்தான். மாதிரியில் சில துளி பொற்றாசியம் குரோமேற்று விட்டால் மஞ்சளாக இருக்கும். வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விட விட, வெள்ளி முதலில் குளோரைட்டோடு சேர்ந்து பால் மாதிரிக் கலங்கும். குளோரைட்டு தீர்ந்த கணத்தில் அடுத்த துளி செங்கல் நிறம் காட்டும். எத்தனை மில்லிலீற்றர் போனது என்பதிலிருந்து கணக்கு. விரலில் ஒரு துளி பட்டால் அன்று ஒன்றும் தெரியாது, வெயிலில் போய்வந்தால் கபிலக் கறை. தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை போகாது.

இலங்கைத் தரத்தில் குடிநீரின் குளோரைட்டு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையோரக் கிணறுகளில் கோடை முற்றும்போது உவர் ஏறுவது அங்கு இருப்பவர்களுக்கு நாக்கிலேயே தெரியும். அப்படிப்பட்ட தண்ணீரில் இந்தப் போத்தலை ஊற்றி "சுத்தமாக்கினேன்" என்று நினைத்தால், அயன் எல்லாம் குளோரைட்டோடு போய்விடும், தண்ணீர் சுத்தமாகாது. கிணற்றுத் தண்ணீர் சந்தேகம் என்றால் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். அல்லது சரியான அளவில் குளோரின். உவர் மட்டும் இந்த இரண்டாலும் போகாது.

சாம்பல்தீவுச் செல்வி

எல்லாருக்கும் நன்றி. அம்மா நிறுத்திவிட்டார். கிளினிக்கில் டொக்டரிடம் போத்தலைக் காட்டினோம், அவர் தைரொயிட்டுக்கு இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நீராய்வு அண்ணையிடம் ஒன்று கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மண்சட்டி வடிகட்டி கிடைத்தது. வாளிக்குள் சட்டி இருக்கும், ஊற்றினால் கீழே சொட்டும். அதிலும் வெள்ளி பூசியிருக்கிறது என்று அப்போது சொன்னார்கள். இப்போது அது சித்தி வீட்டில் பாவனையில் இருக்கிறது. அதையும் நிறுத்த வேண்டுமா?

நீராய்வு, திருமலை

இல்லைத் தங்கச்சி, அது வேறு கதை, நல்ல கதை. 1981 இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய முறை அது. களிமண்ணோடு உமி அல்லது மரத்தூள் கலந்து சட்டி வனைந்து சுடுவார்கள். உமி எரிந்த இடமெல்லாம் நுண்துளை. தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் நெளிந்து நெளிந்துதான் கீழே வரும், பற்றீரியாவில் பெரும்பகுதி அங்கேயே சிக்கிவிடும். மணிக்கு ஒன்றிரண்டு லீற்றர் சொட்டினால் சட்டி சரியாக இருக்கிறது என்று எடுக்கலாம். திடீரென்று வேகமாக ஓடினால் எங்கோ வெடிப்பு.

வெள்ளிக் கூழ்மத்தைப் பூசுவது, சிக்கிய கிருமி சட்டிச் சுவரில் பெருகிப் பாசிபோல் படராமல் இருக்க. கழன்று தண்ணீரோடு வருவது சொற்பம், புதுச் சட்டியில் முதல் சில தடவை கூடுதலாக வரும், அதனால்தான் முதலில் வடிவதை ஊற்றிவிடச் சொல்வார்கள். குடிநீரைக் கெடாமல் வைத்திருக்க வெள்ளி சேர்க்கும் இடங்களில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. உங்கள் பெரியம்மாவின் போத்தலில் லேபிள்படி உள்ளது அதன் இருநூறு மடங்கு.

சித்தி வீட்டுச் சட்டிக்கு வயது போய்விட்டது. சவர்க்காரம் போடாமல் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். விளிம்பில் முடிபோன்ற வெடிப்பு இருக்கிறதா என்று நீரில் நனைத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரசாயன டீச்சர், உப்புவெளி

செல்வி போத்தலைக் கொண்டுவந்து தந்தார். உயர்தரப் பிள்ளைகள் சிலரோடு ஆய்வுகூடத்தில் பார்த்தோம். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளைத் தாளின் முன் பிடித்தால் திரவத்துக்கு நிறமே இல்லை. அறையை இருட்டாக்கிப் பச்சை லேசரைக் குறுக்கே விட்டோம். பக்கத்தில் காய்ச்சிவடித்த நீர், குழாய்த் தண்ணீர் இரண்டும் வைத்தோம். குழாய்த் தண்ணீரில் ஒளிக்கற்றை தெளிவாகத் தெரிந்தது. போத்தல் திரவத்தில் அதைவிட மங்கல், காய்ச்சிவடித்த நீரைவிடக் கொஞ்சம் கூட. இந்தச் சோதனையை விற்பனைப் பக்கங்களில் "தரத்துக்குச் சான்று" என்று போடுகிறார்கள். கற்றை தெரிந்தால் உள்ளே ஏதோ துணிக்கை இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அது வெள்ளியா தூசா என்று லேசர் சொல்லாது.

பிறகு சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து, காய்ச்சிவடித்த நீரில் கரைத்த உப்பு சில துளி விட்டோம். உடனே நீலம் கலந்த வெண்மங்கல் எழும்பியது. அந்தக் குழாயை யன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். பாடம் முடிந்து வந்து பார்த்தபோது மங்கல் சாம்பல் ஊதாவாகியிருந்தது. வெள்ளிக் குளோரைட்டு ஒளியில் கறுப்பது இப்படித்தான். பழைய புகைப்படத் தாள்கள் வேலை செய்த வழியும் அதுவே. ஒரு பிள்ளை அந்த நிறத்தைக் குறிப்பேட்டில் பென்சிலால் தீற்றிக் காட்ட முயன்று, சரிவரவில்லை என்று இரண்டு தரம் அழித்துவிட்டு, கடைசியில் எழுத்தில் எழுதினார்.

இன்னொன்றும் செய்தோம். லீற்றருக்கு 31.5 மில்லிகிராம் வெள்ளி நைத்திரேற்றுக் கரைத்தால் 20 மில்லிகிராம் வெள்ளி வரும். அந்தக் கரைசலிலும் அதே அளவு உப்பு விட்டு இரண்டு குழாயையும் கறுப்புத் தாளின் முன் வைத்துப் பார்த்தோம். போத்தலின் மங்கல் தெளிவாகத் தடித்திருந்தது. கண்ணால் ஒப்பிட்டது என்பதால் எண் சொல்ல மாட்டேன். ஆனால் லேபிள் சொல்வதைவிடக் கூடுதலான வெள்ளி அயன் அதில் இருக்கிறது என்று சொல்லத் தயங்கவில்லை. துணிக்கை மருந்து என்று விற்ற போத்தலில் இருப்பது பெரும்பாலும் அயன், அதுவும் அளவு பிசகி.

கோணேசபுரி மாணவி

நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். சிலர் இந்தத் தண்ணீரைச் சித்தத்தில் உள்ள வெள்ளிப் பற்பத்தோடு சேர்த்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சேர்க்க வேண்டாம். பற்பம் என்பது சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, புடம் போட்டு எடுக்கிற பொடி. அதன் அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது), பத்தியம், எத்தனை நாள் என்பதெல்லாம் வைத்தியர் நோயாளியைப் பார்த்துத் தீர்மானிப்பது. அதையும் தானாக வாங்கித் தின்னக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பற்றரியில் செய்த தண்ணீருக்கு எங்கள் நூல்களைச் சாட்சிக்கு இழுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிண்ணியா மருந்தாளர்

நல்லாச் சொன்னீர்கள் மகள். இயற்கைவழி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, சொல்கிறேன்.

நெருப்புக் காயத்துக்குப் பூசுவது வெள்ளி சல்பாடயசின் கிறீம், 1 வீதம். 1960களின் கடைசியில் வந்தது. காயத்தின் மேல் இருக்கிற கிருமிக்கு, காயத்தின் மேலேயே பூசுவது. அங்கே வெள்ளிக்கு வேலை இருக்கிறது. அதற்கும் டொக்டர் பார்த்துத்தான் எழுதுவார்.

குடித்தால் வருகிற பெரிய கேடு தோல் நிறம் மாறுவது, ஆர்ஜீரியா என்பார்கள். குடித்த வெள்ளியில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். உறிஞ்சப்படுகிற சிறு பகுதி புரதங்களோடு பிணைந்து இரத்தத்தில் சுற்றி, தோலின் உட்படையில் தங்கும். அங்கே வெயில் பட்டு உலோக வெள்ளியாகி, கந்தகத்தோடும் செலீனியத்தோடும் சேர்ந்து மணிமணியாகப் படிந்துவிடும். கொலுசைக் கறுக்க வைக்கிற அதே வெள்ளிச் சல்பைட்டுத்தான். வெயில் படுகிற முகம், கழுத்து, கைகளில் முதலில் தெரியும். நகத்தின் அடிப்பிறை நீலிக்கும், பல் முரசு சாம்பலாகும். பத்தர் கொலுசை மினுக்கித் தருவார், தோலை யாராலும் மினுக்க முடியாது. இரத்தத்தில் உள்ள உலோகத்தை இழுத்தெடுக்கிற மருந்துகள் இதில் வேலை செய்வதில்லை. சிலருக்கு லேசர் சிகிச்சையில் நிறம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஸ்டான் ஜோன்ஸ் என்ற அரசியல்வாதி, 2000 ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பி மருந்துத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து 1999 முதல் வீட்டிலேயே இதைச் செய்து குடித்தார். 2002 இல் தேர்தலில் நின்றபோது அவருடைய முகம் நீலச் சாம்பல். பவுல் கராசன் என்பவர் குடித்ததோடு முகத்திலும் பூசினார், கடும் நீலமாகிவிட்டார். 2013 இல் இறக்கும் வரை அந்த நிறம் மாறவில்லை.

இனி அளவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்கில், வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் கேடில்லை என்று எடுக்கக்கூடிய அளவு, உடல் நிறை ஒரு கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். செல்வியின் அம்மா 60 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 0.3 மில்லிகிராம். 20 பிபிஎம் தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி என்றால் 30 மில்லிலீற்றர், அதில் 0.6 மில்லிகிராம். லேபிள் சரியென்றாலே இரண்டு மடங்கு. டீச்சரின் சோதனைப்படி லேபிளும் சரியில்லை. அதே நேரம் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா இதுவரை குடித்த கொஞ்சத்தால் நீலமாகப் போவதில்லை. வாழ்நாளில் மொத்தம் 10 கிராம் வரை கேடு தெரிவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே தங்கச்சி, இராத்திரி நித்திரை முழிக்க வேண்டாம். கராசன் போன்றவர்கள் வருடக்கணக்காகக் கூடிய செறிவில் குடித்தவர்கள். பத்துக் கிலோக் குழந்தைக்கு ஒரு கரண்டி கொடுக்கிற தாய்மாரை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது, அந்தக் குழந்தைக்கு நாள் எல்லையே 0.05 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டியில் அதன் இரண்டு மடங்கு போய்விடும்.

இயற்கைவழி, கொப்பளித்துத் துப்புகிறவரை உடம்புக்குள் போவது குறைவு. அதனால் உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தொண்டை நோவுக்கு வெந்நீரும் உப்பும் போதும்.

இயற்கைவழி

நானா, இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி. குடிப்பது பற்றி நீங்கள் எல்லாரும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கொப்பளிப்பது என் விருப்பம், அதை நானே யோசித்துக்கொள்கிறேன். வீட்டில் இன்னும் ஒரு போத்தல் முழுசாக இருக்கிறது. அதை எங்கே ஊற்றுவது?

நீராய்வு, திருமலை

கானில் ஊற்ற வேண்டாம். வெள்ளி அயன் மீனின் பூவை (செவுளை) தாக்கும். குளம், ஆறு போன்ற நன்னீரில் மிகச் சிறிய அளவே மீனுக்கு ஆகாது. கடலில் குளோரைட்டு நிறைய இருப்பதால் வேகம் குறையும், அதற்காக உள்துறைமுகத்தில் கொட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் இடத்தில் வெள்ளிக் கழிவுக்கென்று தனிக் கபிலநிறப் போத்தல் இருக்கிறது. எனக்குத் தனிமடல் போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். செல்வியும் மிச்சத்தை டீச்சரிடமே விட்டுவிடட்டும், நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூதூர் மருமகள்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் பிள்ளைக்கு நேற்றிலிருந்து ஒரு கண்ணில் பீளை, இமை வீங்கி ஒட்டிக்கொள்கிறது. முந்திக் காலத்தில் பிறந்த பிள்ளையின் கண்ணில் வெள்ளி மருந்துதான் விட்டார்கள் என்று சொல்லி, மாமி இதே மாதிரித் தண்ணீரை விடச் சொல்கிறார். விடலாமா?

கிண்ணியா மருந்தாளர்

விட வேண்டாம் மகள். மாமி சொல்வது இல்லாத கதையல்ல. 1880களில் ஜெர்மனியின் லைப்சிக்கில் கார்ல் கிறேடே என்ற டொக்டர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 வீத வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டார். தாயிடமிருந்து தொற்றுகிற கொனோரியாக் கிருமியால் குருடாகிப்போன பிள்ளைகள் அதனால் தப்பினார்கள். ஆனால் அந்தத் துளியே கண்ணை எரித்துச் சிவக்க வைத்தது, அதனால் பிறகு நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்புகளுக்கு மாறினார்கள். அதோடு அது பிறந்த உடனே தடுப்புக்காக விட்டது, வந்த நோய்க்கு அல்ல. இந்தப் போத்தல் தண்ணீர் கண்ணுக்கென்று கிருமிநீக்கிச் செய்ததும் அல்ல.

சிறு குழந்தைக்கு இமை வீங்கிப் பீளை கட்டுவது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை. சிலது ஒரு நாளுக்குள் கருவிழியைப் பாதித்துவிடும். ஆறவைத்த கொதிநீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கம் ஒரு தரம் துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கோ. கையில் கிடைக்கிற எந்தச் சொட்டு மருந்தையும் விடாமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பிள்ளை பிறந்து எத்தனை நாள்?

மூதூர் மருமகள்

பன்னிரண்டு நாள், நானா. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டோம், மாமியும் கூட வருகிறார்.